காலண்டர் தாளும் தோசை அட்டையும்

முதல் நாள் நான் போனபோது தேவி வாசல்படியில் உட்கார்ந்து காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். நடந்துகொண்டிருந்தது ஜூன் மாதம். அவள் ஆகஸ்ட் வரைக்கும் போய்விட்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். இவளுக்கு இது ஒண்ணுதான் வேலை. நல்ல வேளை, நம்ம ஊர்ல காலண்டருக்குப் பஞ்சமில்ல" என்றார் அவள் அப்பத்தா.

சிவகாசியில் அதற்கு எப்படிப் பஞ்சம் வரும்? தேவியின் அப்பா ஓர் ஆப்செட் அச்சகத்தில் கட்டிங் மிஷினில் நிற்கிறவர். வீட்டில் மூன்று சுவரில் நான்கு காலண்டர்கள். நான் வீட்டிலிருந்தபடி படிக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளைத் தேடிப்போய்ப் பாடம் சொல்லித்தரும் சிறப்பாசிரியர். பதினோரு வருஷமாக ஸ்கூட்டியில் சுற்றுகிறேன். தேவி வீட்டுக்குச் செவ்வாயும் வெள்ளியும். (தேவி என்பது நான் வைத்த பெயர்.)

2024 ஜூனில் அவளுக்கு எட்டு வயது. டவுன் சின்ட்ரோம், குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வரும் நிலை. பேச்சு என்று எடுத்தால் அவள் அம்மா கணக்குப்படி ஒன்பது வார்த்தை. ம்மா, ப்பா, தா, போ, நாய்க்கு ஊ, இப்படி. எனக்குக் கேட்டது நாலுதான். மற்ற ஐந்தும் அம்மாவின் காதுக்கு மட்டும் வார்த்தை. ஒரு பள்ளியில் சேர்க்கப் போனபோது, "பேச்சு வரட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்களாம். கல்வி உரிமைச் சட்டம் 2009லேயே வந்தாயிற்று. ஆனாலும் இந்த வாசகத்தை வருஷத்துக்கு இரண்டு வீட்டிலாவது கேட்கிறேன்.

பேச்சு வந்தபிறகுதான் படிப்பு என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் 'படி' என்றாலே 'சத்தமாப் படி' என்றுதான் அர்த்தம். அ, ஆ, இ, ஈ என்று வகுப்பே கோரஸ் போடும். கோரஸில் சேர முடியாத பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பயிற்சியில் எனக்கும் அப்படித்தான் பழக்கினார்கள். முதல் நாலைந்து வருஷம் நானும் வாய் பேசாத பிள்ளைகளைத் தேங்காய் நார் உரிக்கவும் மணி கோக்கவும் விட்டுவைத்தேன். அதை இப்போது நினைத்தால் உறுத்துகிறது.

என் எண்ணத்தை மாற்றியது ஓர் அப்பாவின் கதை. இங்கிலாந்தில் லெஸ்லி டஃபென் என்பவர், டவுன் சின்ட்ரோம் உள்ள தன் மகள் சாரா மூன்று வயதிலிருந்தே வார்த்தைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டதை, போர்ட்ஸ்மவுத்தில் இருந்த உளவியலாளர் சூ பக்லிக்கு எழுதுகிறார். 1980 வாக்கில் நடந்தது. அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு பக்லி வருஷக்கணக்கில் ஆராய்ச்சி செய்தார். இந்தப் பிள்ளைகளுக்குக் காதில் கேட்டதை நினைவில் நிறுத்துவது கஷ்டம், கண்ணில் பார்த்தது அதைவிட நன்றாக நிற்கும், ஆகவே எழுத்து அவர்களுக்குப் பேச்சுக்கே ஒரு கைப்பிடி என்பது அவர் வாதம். பேசப்பட்ட சொல் காற்றில் போய்விடும், அட்டையில் இருப்பது ஓடிப்போகாது. பலருக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு கேட்பதும் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. தேவிக்கும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். மூன்று படி. முதலில் பொருத்துவது. 'தோசை' என்று எழுதிய அட்டை இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் போதும். அடுத்து எடுத்துக் கொடுப்பது. நான் "தோசை எங்க?" என்றால் அவள் எடுத்துத் தர வேண்டும். மூன்றாவது, அட்டையைக் காட்டியதும் அவளே சொல்வது. வாய் பேசாத பிள்ளைக்கு இந்த மூன்றாவது படிதான் சுவர் போல நிற்கும். ஆனால் சுவரைச் சுற்றி வழி இருக்கிறது. 'குதி' என்ற அட்டையைக் காட்டினால் குதிக்கட்டும். 'தோசை' என்றால் நாலு படத்தில் தோசைப் படத்தைத் தொடட்டும். வாயே திறக்காமல் படித்தாயிற்று. சொல்லச் சொல்லாதீங்க, காட்டச் சொல்லுங்க என்று பெற்றோரிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

முதலில் எந்த வார்த்தை? ஆங்கிலத்தில் 1936லேயே எட்வர்ட் டால்ச் 220 சொற்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார். எழுத்துக்கூட்டினால் சரியாக வராத, ஆனால் பக்கத்துக்குப் பத்து தடவை வரும் சின்னச் சின்ன சொற்கள் அதில் நிறைய. அந்தப் பட்டியலை அப்படியே தமிழாக்கி 'அது', 'ஒரு', 'மற்றும்' என்று சுவரில் ஒட்டிவைத்திருக்கும் வகுப்பறையைப் பார்த்திருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு 'மற்றும்' எதற்கு? தேவிக்கு வேண்டியது தோசை, முறுக்கு, அம்மா, சட்டை, கடை. ஜோடியாக வைக்கும்போது உருவத்தில் எட்ட நிற்கும் சொற்களாகப் பார்த்து வைத்தேன். அம்மாவும் முறுக்கும் ஒன்றாக வரலாம். அம்மாவும் அப்பாவும் வரவே கூடாது, முதல் மாதத்தில். 'பல்', 'பால்' பக்கம் தலைவைத்தே படுக்கக் கூடாது.

அட்டை அவள் அப்பா கொண்டுவந்தார். காலண்டர் அட்டை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள், ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் வெள்ளை. "எத்தனை வேணும் டீச்சர்?" என்று கேட்டுவிட்டு அடுத்த நாள் ஒரு சாக்கு நிறைய இறக்கிவிட்டார். ஓரம் கத்தி மாதிரி இருக்கும் என்று ஒவ்வொரு துண்டின் மூலையையும் கத்தரியால் உருட்டியிருந்தார். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து செய்த வேலை.

அந்த அட்டையில் முதலில் நான் செய்தது ஒரு தப்பு. வார்த்தைக்குப் பக்கத்திலேயே அழகாகப் படமும் வரைந்தேன். படம் இருந்தால் பிள்ளை எழுத்தைப் பார்க்காது, படத்தைத்தான் பார்க்கும் என்று எஸ். ஜே. சாமுவேல்ஸ் 1967லேயே சோதித்து எழுதியிருக்கிறார். எனக்கு அது தெரிய மூன்று வாரம் வீணாயிற்று. அப்புறம் படம் தனி அட்டை, சொல் தனி அட்டை.

இரண்டாவது தப்பைக் கண்டுபிடித்தது தேவியின் அம்மா. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பாக்குற அட்டையத்தான் அவ எடுக்குறா" என்றார். உண்மை. "முறுக்கு எங்க?" என்று கேட்கும்போதே என் கண் முறுக்குக்குப் போய்விடுகிறது. தேவி அட்டையைப் படிக்கவில்லை, என்னைப் படித்துக்கொண்டிருந்தாள்! இந்தப் பிள்ளைகள் அதில் கில்லாடிகள். அன்றிலிருந்து கேள்வி கேட்டதும் எதிர்ச்சுவர்க் காலண்டரைப் பார்ப்பேன். ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் எனக்கு அப்படித்தான் மனப்பாடம் ஆயிற்று.

அந்தக் காலண்டரையே பாடமாக்கலாம் என்று தோன்றியதும் அப்போதுதான். எப்படியும் கிழிக்கப் போகிறாள். கிழித்த தாளில் கிழமை பெரிதாக அச்சாகியிருக்கிறது. ஏழு அட்டை எழுதினேன். காலையில் ஒரு தாள் கிழிப்பது, அதே கிழமை அட்டையை எடுத்து அதன்மேல் வைப்பது. ஒரு நாளைக்கு ஒரு தாள் என்று அவளைக் கட்டுப்படுத்த அப்பத்தாவுக்கு ஒரு மாதம் பிடித்தது. ஆனால் கிழமைகள் வந்துவிட்டன. ஞாயிறு முதலில் வந்தது, ஒரு தடவைகூடத் தப்பாமல்.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினக் கூட்டம். மைக் கையில் கிடைத்ததும், பேச்சே வராத பிள்ளை பதினான்கு வார்த்தை படிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது.

பொங்கல் வந்தது. 2025ல் பொங்கல் செவ்வாய்க்கிழமை. விடுமுறை முடிந்து நான் போன அன்று தேவியின் அம்மா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பொங்கலன்று கிழித்த தாள். 'செவ்வாய்' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது, அரசு விடுமுறை ஆயிற்றே. "இதுக்கு அவ ஞாயித்துக்கிழமை அட்டையை எடுத்து வச்சா டீச்சர். நான் மாத்தி வச்சேன். தூக்கிப் போட்டுட்டுத் திரும்ப ஞாயிறையே வச்சா."

தேவிக்கு 'ஞாயிறு' என்ற சொல் தெரியவே தெரியாது. சிவப்பாக இருந்தால் இந்த அட்டை, அவ்வளவுதான். சிவப்புக்கு இந்த அட்டை என்று நினைவு வைத்துக்கொள்ளவும் மூளை வேண்டும்தான், ஆனால் அது படிப்பு இல்லை. பயம் வந்துவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து பதினான்கு சொல்லையும் புது அட்டையில், அவள் அண்ணனை விட்டு அவன் கையெழுத்தில் எழுத வைத்தேன். ஆறுதான் தேறியது. 'தோசை' பழைய அட்டையில் சட்னிக் கறை. 'கடை' அட்டை ஒரு மூலை மடங்கியது. 'சட்டை' எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை தெரியாது, மோந்து பார்த்திருப்பாளோ என்னவோ. ஆவின் பாக்கெட்டை நீட்டினால் பால் என்று கைகாட்டும் குழந்தையை "படிக்கிறானே!" என்று மகிழ்கிற பெற்றோரிடம், அதே சொல்லை வெள்ளைத் தாளில் கறுப்பில் எழுதிக் காட்டுங்கள் என்று சொல்வேன். அந்த அறிவுரையை எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

மைக்கில் சொன்ன பதினான்கை யாரிடம் போய்த் திருத்துவது? இங்கே திருத்துகிறேன். ஆறு.

அதன்பிறகு வைத்துக்கொண்ட வழக்கம்: ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று அட்டை, மூன்று பேர் கையெழுத்து, மாற்றி மாற்றி. எடுக்கச் சொல்லும்போது குறைந்தது நாலு அட்டை விரிப்பது, ஏனென்றால் இரண்டுதான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் பாதி சரியாக வரும். புதுச் சொல் என்றால் கேட்ட உடனே நானே அவள் விரலைப் பிடித்துச் சரியான அட்டையில் வைத்துவிடுவது. தப்பு பழகிவிட்டால் அதைக் கழற்றுவது இரண்டு மடங்கு வேலை. சில நாள் கழித்து, கேட்டுவிட்டு மனதுக்குள் நாலு எண்ணுவது. பிறகு எட்டு. அந்த எட்டு எண்ணுகிற நேரம் இருக்கிறதே, அதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமானது. வாய் துறுதுறுக்கும். அப்பத்தாவால் முடியவே முடியாது, "அந்தா, அந்தா, அதுதாம்த்தா" என்று மூன்றிலேயே சொல்லிவிடுவார்.

சொற்கள் இருபதைத் தாண்டியதும் தமிழே குறுக்கே வந்தது. இங்கிலீஷ்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அவள் 'கடை' படிப்பாள். புத்தகத்தில் 'கடைக்கு' என்று வந்தால் யாரோ தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். நம் மொழியில் சொல் தனியாக நிற்பதே அபூர்வம், எப்போதும் வால் ஒன்று ஒட்டிக்கொண்டேதான் வரும். முழுச் சொல்லாகவே கற்றுக்கொடுப்பது என்றால் கடை, கடைக்கு, கடையில், கடையிலிருந்து என்று ஒரு கடைக்கே நாலு அட்டை வேண்டும்.

'க்கு' என்று தனியாகச் சின்ன அட்டை ஒன்று செய்தேன். எந்தச் சொல்லோடு ஒட்டுவது என்பதில்தான் சூட்சுமம். 'வீடு' பக்கத்தில் வைத்தால் 'வீடுக்கு' ஆகிவிடும், தப்பு. அம்மாவுக்கு வைத்தால் நடுவில் ஒரு 'வு' எட்டிப்பார்க்கும். ஆனால் கடை, சட்டை, தோசை, பாட்டி, பள்ளி, இவற்றில் உருவம் கொஞ்சமும் மாறாமல் 'க்கு' அப்படியே ஒட்டும். ஐயிலும் இயிலும் முடிகிற சொற்கள். அவற்றை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டேன். கடை + க்கு, பள்ளி + க்கு. இரண்டு அட்டையை ரயில் பெட்டி மாதிரி தேவி தள்ளிக்கொண்டு வந்து மோதவிடுவாள். வீட்டுக்கு, மரத்துக்கு எல்லாம் அடுத்த வருஷம் என்று ஒதுக்கிவிட்டேன்.

இன்னொரு சண்டை, அட்டையில் 'தண்ணீர்' எழுதுவதா 'தண்ணி' எழுதுவதா. 'வேண்டும்' எழுதுவதா 'வேணும்' எழுதுவதா. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர், 'வேணும்' என்று எழுதியதைப் பார்த்து, "பிள்ளைக்குக் கொச்சைத் தமிழ் சொல்லித்தர்றீங்களே" என்று வருத்தப்பட்டார். பாடப்புத்தகத்துக்காக என்றால் அவர் சொல்வது சரி. ஆனால் இந்த அட்டை தேவிக்கு வாய். எந்த எட்டு வயதுப் பிள்ளை அம்மாவிடம் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று கேட்கிறது? 'வேணும்' என்றே எழுதினேன். ஒரு வருஷம் போனபின் அதன் பின்பக்கத்தில் 'வேண்டும்' வந்தது. அவளுக்கு இதில் எந்தக் குழப்பமும் வரவில்லை, குழப்பம் பெரியவர்களுக்குத்தான்.

எழுத்துக்கும் போகாமல் முடியாது. பார்த்த மாத்திரத்தில் படிக்கிற சொற்கள் வண்டியைக் கிளப்பிவிடும், ஊர் போய்ச் சேர எழுத்து வேண்டும். ஆனால் 247ஐயும் சத்தம் போட்டு ஒப்பிக்க அவளால் ஆகாது. அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஜானிஸ் லைட்டும் டேவிட் மெக்நாட்டனும் பேச்சு வராத பிள்ளைகளுக்கென்றே ஒரு வழி செய்திருக்கிறார்கள். அதில் ஒலியைக் கூட்டுவது பெரியவர் வாய், கண்டுபிடிப்பது பிள்ளையின் கை. நான் "க்…க…டை" என்று இழுப்பேன், அவள் படத்தைத் தொடுவாள். நம் எழுத்தில் கண் ஓடும் வழியும் காது ஓடும் வழியும் வேறு என்பதால் சில இடத்தில் திணறல்தான். 'தோ'வில் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. முழுச் சொல்லாகப் படித்தபோது இந்தத் தொல்லை இல்லை. தேவி இப்போது அ, க, த, ப, ம என்று முதல் எழுத்தை வைத்து அட்டைகளைப் பிரித்து அடுக்குகிறாள். அம்மா, அப்பா, அண்ணன், அப்பத்தா நாலும் ஒரே டப்பாவில் விழுந்த அன்று நான் ஸ்கூட்டி சாவியை அங்கேயே மறந்துவிட்டுத் தெருமுனை வரை நடந்தேன்.

சென்னையில் உருவான ஆவாஸ் மாதிரி, படத்தைத் தொட்டால் பேசும் செயலிகள் இருக்கின்றன. நல்லவை. இந்த வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவோடு அச்சகத்துக்குப் போய்விடும். அப்பத்தாவிடம் இருப்பது பட்டன் போன். ஆகவே எங்களுக்கு அட்டைதான்.

அப்பத்தாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது முடியாது. பத்து வயதிலேயே தீப்பெட்டி ஒட்டப் போனவர், பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. அறிவொளி வகுப்பில் கையெழுத்து மட்டும் போடக் கற்றுக்கொண்டார். அவர் பெயர் 'ச'வில் ஆரம்பிக்கும், அந்த ஓர் எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் "இது எம் பேருல்ல" என்பார். 'இல்லை' என்று நான் ஓர் அட்டை எழுதிய அன்று பெரிய வழக்கு நடந்தது. "வெளக்கு வைக்கிற நேரத்துல பச்சப்புள்ள கையில இல்லைன்னு எழுதிக் குடுக்குறீகளே, வீடு வெளங்குமா?" என்று கேட்டார். அரிசி தீர்ந்தாலும் அந்த வீட்டில் 'இல்லை' என்ற சொல் வராது. அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு 'வேண்டாம்' எழுதிக் கொடுத்தேன். அதை தேவி முதலில் என்மேல்தான் பிரயோகித்தாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம், அப்பத்தா போனில் கூப்பிட்டார்.

"டீச்சர், இந்தப் புள்ள ஒரு அட்டையைக் கொண்டாந்து எங்கையில குடுத்துட்டு மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்குது. வீட்ல யாருமில்ல, ரேஷனுக்குப் போயிருக்கா அவ அம்மா. என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. கோவம் வேற வருது அதுக்கு."

பேசத் தெரிந்தவருக்குப் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரிந்தவளுக்குப் பேச வராது. போனில் நான்.

"எப்படி இருக்கு, சொல்லுங்க அப்பத்தா."

"மொதல்ல கொம்பு. மேல ஒரு சுழி, கீழ ஒரு சுழி. அப்புறம் என்னமோ. அப்புறம் ஒரு காலு."

கொம்பும் காலும் என்றால் 'போ'வாக இருக்கலாம். பாட்டியை விரட்டுகிறாளோ?

"அதோட முடிஞ்சிருச்சா?"

"இல்ல… இரு, இரு. ரெண்டு சுழி ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுக்கு அடுத்தாப்புல…" குரல் ஏறியது. "எம் பேருல்ல இருக்கு!"

"தோசை, அப்பத்தா. தோசை கேக்குறா."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு போனை மூடாமலே அவளிடம் சொல்வது கேட்டது. "தோசையாத்தா? மாவு நாளைக்குத்தான ஆட்டணும்… சரி, வா, கோதுமை மாவுல ஊத்தித் தாரேன்."